ஏழு படிச் சந்தில் அறியப்படாதவள்

கையில் கோப்போடு வருகிறவனிடம் அடுத்த வீட்டைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது. லராஷ் நகரின் பழைய மதிலுக்குள், துறைமுகத்தை நோக்கி இறங்கும் ஏழு படிச் சந்தில் இதை யாரும் யாருக்கும் கற்பித்ததில்லை, எழுதி ஒட்டியதுமில்லை. ஆனாலும் அங்கே குடியிருந்த அத்தனை பேரும் அதைக் கடைப்பிடித்தார்கள். வந்தவன் யார், எதற்காக வந்தான் என்பது பொருட்டே அல்ல. வரி வசூலிக்க வந்தவனோ, குழாய் அளக்க வந்தவனோ, தடுப்பூசிக்குக் குழந்தைகளை எண்ண வந்த நல்ல மனசுக்காரியோ, கேள்வி பக்கத்து வீட்டைப் பற்றியது என்றால் விடை ஒன்றுதான்: அல்லாவுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லும்போது கண்ணைத் தாழ்த்தக் கூடாது. முகத்தில் கொஞ்சம் வருத்தம் தெரிய வேண்டும். மூச்சு விடுவதற்குள், தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டுவிட வேண்டும்.

லீஸ்பெத் இந்த ஊருக்கு வந்த முதல் ஆண்டிலேயே இதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். சந்தின் தலைமாட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் அயாஷியிடம், அவருடைய தம்பி எங்கே என்று ஒருவன் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான். தம்பியைப் பெருநாளுக்குப் பிறகு பார்க்கவே இல்லை என்று அயாஷி உருகினார். கேட்டவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்ததே அந்தத் தம்பிதான். அன்று அவள் வீட்டுக்கு வந்து தனியாகச் சிரித்தாள். அதே விதி ஐந்தாண்டு கழித்துத் தன் தலையில் வந்து விடியும் என்று அப்போது தோன்றவில்லை.

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்துக்காரி. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் குறிப்புத் தாள்களை ஜெர்மன் மொழியிலிருந்து டச்சு மொழிக்குப் பெயர்ப்பது தொழில். இணைய வசதி இருந்தால் எந்த ஊரிலும் செய்யலாம். மணவிலக்குக்குப் பின் கெண்ட்டில் இருந்த வீட்டை விற்றுவிட்டாள். அங்கே அவளுக்கு மிஞ்சியிருந்தது ஓர் அக்காவும், அந்த அக்கா வீட்டின் விருந்தினர் படுக்கையும்தான். லராஷில் ஆறாண்டுகளாகச் சுற்றுலாப் பயணியாகவே வாழ்ந்தாள். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை பேருந்து பிடித்து, ஸ்பெயின் வசமுள்ள செப்தாவின் எல்லைக்குப் போவாள். வெளியேறும் முத்திரை, அந்தப் பக்கம் ஒரு காப்பி, திரும்பி நுழையும் முத்திரை. அந்தக் காப்பிக்கு அவள் வைத்திருந்த பெயர் வாடகைக் காப்பி. கடந்த டிசம்பரில் எல்லை அலுவலர் அவளுடைய கடவுச்சீட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். கோபமே இல்லாத குரலில், இது சுற்றுலா அல்ல, அடுத்த முறை குடியிருப்பு அட்டையோடு வாருங்கள் என்றார். அட்டை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

விண்ணப்பம் போட்டாள். பன்னிரண்டு தாள்கள், நான்கு புகைப்படங்கள், மூன்று அலுவலகங்களின் முத்திரைகள். அவளிடம் இல்லாத ஒன்று, அவள் பெயருள்ள மின்கட்டணச் சீட்டு. வீட்டின் மின்இணைப்பு, வீட்டுக்காரரின், பதினோரு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன தகப்பனார் பெயரில் இன்னமும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. எனவே அவள் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறாள் என்பதை, வட்டாரத்து வீடுகளை அரசின் சார்பில் கவனித்துக்கொள்ளும் முக்கத்தம் நேரில் விசாரித்து எழுத வேண்டும் என்றார்கள். அவர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். அவள் அப்போது மீன் வாங்கத் துறைமுகத்துக்குப் போயிருந்தாள்.

ஏப்ரல் மாதத்துத் திங்கட்கிழமையொன்றில் அந்த விசாரணையின் முடிவை அவளிடம் நீட்டினார்கள். வெளிநாட்டவர் பிரிவில் இருந்த பெண் மிகவும் மரியாதையானவள். தாளைத் திருப்பி, வாசிக்க வசதியாக வைத்து, அந்த ஒற்றை வரியின் மேல் விரலையும் வைத்தாள். மேற்படி நபர் மேற்படி முகவரியில் அறியப்படவில்லை.

லீஸ்பெத் அதை மூன்று முறை படித்தாள். செயப்பாட்டு வினையோடு அவளுக்கு இருபதாண்டுப் பழக்கம். தலைசுற்றல் உணரப்படலாம். அரிதாக மரணம் பதிவு செய்யப்பட்டுள்ளது. யாருடைய தலை, யாருடைய மரணம் என்பது அந்த வாக்கியங்களில் இராது. சொன்னவர் பொறுப்பிலிருந்து நழுவிப் போவதற்கென்றே வார்த்த வடிவம் அது. இப்போது அதே வடிவத்துக்குள் அவள் நின்றுகொண்டிருந்தாள். அறியப்படவில்லை. யாரால்?

“முக்கத்தம் கையெழுத்து போட்டு அனுப்பினது மேடம். இத நாங்க மாத்த முடியாது,” என்றாள் அந்தப் பெண். “புதன்கெழம அவர மறுபடி அனுப்பச் சொல்றேன். அக்கம்பக்கத்துல ஒருத்தர், ஒரே ஒருத்தர், பேரும் அடையாள அட்டை நம்பரும் குடுத்து, இவங்க இங்கதான் இருக்காங்கன்னு சொன்னாப் போதும். வியாழக்கெழம மத்தியானம் கோப்ப மூடிடுவாங்க.”

மூடினால், அவளுடைய தொண்ணூறு நாள் எப்போதோ முடிந்துவிட்டதால், நாட்டை விட்டுப் போக வேண்டும். போனால், செப்தாவில் கடவுச்சீட்டைப் புரட்டியவர் திரும்ப நுழைய விடமாட்டார். இதை அந்தப் பெண் சொல்லவில்லை. லீஸ்பெத்தே கூட்டிக் கணக்குப் பார்த்தாள். இன்னும் மூன்று நாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், அன்றாடம் நடக்கும் தெரு அவளுக்கு அந்நியமாகத் தெரிந்தது. கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி சந்தைக்குள் புகுந்து வளைவுகளின் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. வணக்கம் சொன்னவர்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னாள். சொல்லும்போதே, இவர்தானா, இவளா என்று உள்ளே ஒரு குரல் எண்ணிக்கொண்டு வந்தது. ஆறு ஆண்டுகள். ஒவ்வொரு வெள்ளியும் யாராவது ஒருவர் கோதுமைக் குருணையில் சமைத்த கூஸ்கூஸ் தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அதெல்லாம் விருந்தினருக்குச் செய்யும் மரியாதைதானோ? விருந்தினர் என்றால் ஒருநாள் கிளம்ப வேண்டியவர் என்று பொருள். அவள் கிளம்புவதற்காக அவர்கள் பண்போடு காத்திருந்தார்களோ? அந்த எண்ணம் வந்தபோது ஏழு படிகளில் மூன்றாவதில் அவள் நின்றுவிட்டாள்.

அயாஷி கடையில் ஒலிவக் காய்களை வகை பிரித்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். அவள் உட்காரவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் முக்கத்தம் வந்து தன்னைப் பற்றிக் கேட்டாரா என்று கேட்டாள்.

அயாஷியின் முகம் மலர்ந்தது. “வந்தான், வந்தான். அழகா அனுப்பி வெச்சேன். பெல்ஜியத்துக்காரி ஒருத்தி இங்க இருக்காளான்னான். கடற்காக்கா மாதிரி வருவாங்க போவாங்க, நான் எத்தனைய எண்ணுறதுன்னேன். நீ ஒண்ணும் கவலப்படாத லீசா. நான் இருக்கேன்.”

அவர் மட்டுமல்ல. பொது அடுப்பில் சந்து முழுவதற்கும் ரொட்டி சுட்டுக் கொடுக்கும் மஃபத்தல், வெளிநாட்டுக்காரி யாருடைய மாவும் தன் அடுப்புக்கு வந்ததில்லை என்று சத்தியம் செய்தாராம். அந்த நிமிடம் அவளுடைய தகரத் தட்டு அடுப்புக்குள் இருந்திருக்கிறது. எதிர்வீட்டு மென்னானா, அந்தக் கதவு எப்போதும் பூட்டியே கிடக்கிறது என்று சொன்னாளாம். அயாஷி இவற்றையெல்லாம் ஒரு வெற்றியை விவரிப்பதைப் போல, கையை ஆட்டி ஆட்டி விவரித்தார்.

லீஸ்பெத் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுகை வந்ததா, சிரிப்பு வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. அவர்கள் அவளை வெளியே தள்ளியிருக்கவில்லை. தங்களில் ஒருத்தியாகவே வைத்துக் காப்பாற்றியிருந்தார்கள். காப்பாற்றியே அவளை ஊரை விட்டுத் துரத்த இருந்தார்கள். தாளை எடுத்துக் காட்டி, தனக்குத் தெரிந்த அரபியில், ஆணுக்குப் பெண் விகுதியும் பெண்ணுக்கு ஆண் விகுதியுமாகக் கலந்து, எல்லாவற்றையும் விளக்கினாள். அயாஷியின் கை ஒலிவக் காய்களுக்கு நடுவே அப்படியே நின்றுவிட்டது.

“அப்ப நெசத்த சொல்லணுமா?”

“ஆமாண்ணே. நெசத்த.”

“முக்கத்தம்கிட்ட?”

“அவர்கிட்டதான்.”

அவர் நெஞ்சில் கை வைத்து, புதன்கிழமை பார் என்றார். ஆனால் அந்தக் கை சற்றுத் தாமதமாகத்தான் நெஞ்சுக்குப் போனது. லீஸ்பெத் அதைக் கவனித்தாள். பயம் பிடித்தவளுக்கு இப்படிப்பட்டவை மட்டும் நன்றாகத் தெரியும்.

மென்னானாவின் வீட்டு நடுமுற்றத்தில் பச்சை மொச்சை குவிந்திருந்தது. மென்னானா அறுபதைத் தாண்டியவள். மூன்று பருவங்கள் ஸ்பெயினில் ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாகக் குனிந்து வேலை செய்ததில் இடுப்பு போய்விட்டது. நாக்கு மட்டும் நிமிர்ந்தே இருந்தது. லீஸ்பெத் வந்த நாளிலிருந்து அவளைக் கேலி செய்வதை ஓர் அன்றாடக் கடமையாகச் செய்து வந்தாள். மொச்சையை உரிக்க ஒரு பிடி தள்ளிவிட்டு, முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு, முடியாது என்றாள்.

“அக்கா, ஒரு வார்த்ததான்.”

“அந்த ஒரு வார்த்தைய வாங்கத்தான் அவங்க நாப்பது வருசமா இந்தப் படியில ஏறி எறங்குறாங்க.” மென்னானா தலையை உயர்த்தாமலே பேசினாள். “இன்னைக்கு உன்னப் பத்தி நான் வாயத் தொறந்தேன்னு வையி. நாளைக்கு வந்து, அன்னைக்குச் சொன்னியே, இதையும் சொல்லுன்னு கேப்பான். என்ன சொல்லுவேன்? அன்னைக்கு வாய் இருந்துச்சு, இன்னைக்கு இல்லன்னா? தெரியாதுங்கறவ எப்பவும் தெரியாதுங்கணும் தங்கச்சி. நடுவுல ஒரு தடவ தெரியும்னா, அதுக்கப்புறம் சொல்ற தெரியாதெல்லாம் பொய்யாயிரும்.”

சொல்லிவிட்டு மேலே பார்த்தாள். லீஸ்பெத்தும் பார்த்தாள். மாடியில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. கணவன் செத்துப்போய்க் கைக்குழந்தையோடு திரும்பி வந்த மகளுக்காக, ஈராண்டுக்கு முன் ரமலான் மாதத்தில் எழுப்பிய ஒற்றை அறை அங்கே இருந்தது. அனுமதி இல்லாத அறை. நோன்பு திறக்கும் அந்த அரைமணி நேரத்தில் தெருவில் அரசாங்கம் என்று ஒன்று இருக்காது. எல்லா அலுவலரும் அவரவர் வீட்டில் சூப்புக் கிண்ணத்துக்கு முன் இருப்பார்கள். அந்த அரைமணியில், ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, சந்து மொத்தமும் செங்கல் சுமந்தது. முப்பது மாலைகளில் ஓர் அறை. லீஸ்பெத்தும் தன் நீல வாளியில் மணல் சுமந்தாள். உள்ளங்கை உரிந்து ஒரு வாரம் விசைப்பலகையில் கை வைக்க முடியவில்லை.

மேற்கொண்டு கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. மொச்சையை உரித்தாள். “உரிக்கறதப் பாரு. மொச்சைக்கு ஆபரேசன் பண்றா,” என்றாள் மென்னானா. ஆனால் அந்தக் கேலியில் வழக்கமான உறைப்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை முழுவதும் லீஸ்பெத் கோப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்று சொன்னால் அது மிகை. தாள்களை அடுக்கினாள், கலைத்தாள், வேறு வரிசையில் அடுக்கினாள். இதயத்துடிப்பைச் சீராக்கும் மருந்து ஒன்றின் குறிப்பை மொழிபெயர்க்க உட்கார்ந்து, ‘பதற்றம்’ என்ற சொல்லை ஒரே பத்தியில் மூன்று விதமாக எழுதிவிட்டு எழுந்துவிட்டாள். கெண்ட்டில் இருந்த அக்காவை அழைக்க அலைபேசியை எடுத்தாள். வா, படுக்கை இருக்கிறது என்று அக்கா சொல்வாள். அதைக் கேட்கத் தெம்பில்லை. ஒரு மனிதர் ஓர் இடத்தில் வாழ்கிறார் என்பதற்கு என்னதான் சான்று என்று யோசித்தாள். தினமும் அங்கே தூங்கி எழுவதா? யாரோ ஒருவர் பார்த்துச் சொல்வதா? பார்த்தவர் சொல்லாவிட்டால், அவள் தூங்கி எழுந்த இரண்டாயிரத்துச் சொச்சம் நாட்களும் எந்தக் கணக்கில் சேரும்?

புதன்கிழமை பிற்பகல் தொழுகை முடிந்த கையோடு முக்கத்தம் பூசெல்ஹாம் வந்தார். குள்ளமான, களைத்த மனிதர். இந்தச் சந்தின் ஏழு படிகளையும் ஒரே மூச்சில் ஏற அவரால் ஆகாது. நான்காவதில் நின்று மூச்சு வாங்குவார். கையில் பழுப்பு நிறக் கோப்பு இருந்தது. லீஸ்பெத் தன் வாசலில் நின்று, அவர் முதலில் அயாஷியின் கடைக்குப் போவதைப் பார்த்தாள்.

அயாஷி அன்று காலையிலிருந்து தயாராக இருந்தார். மூன்று முறை அவளைக் கூப்பிட்டு, தான் சொல்லப் போவதைச் சொல்லிக் காட்டியிருந்தார். பூசெல்ஹாம் கோப்பைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார். கேள்வியைக் கேட்டார். அயாஷி வாயைத் திறந்தார். நெற்றியில் வியர்வை அரும்பியது. அந்தப் பெரிய உடம்பு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தை வெளியே தள்ளப் பாடுபட்டது.

“அல்லாவுக்குத்தான் தெரியும்,” என்றார் அயாஷி. சொன்னதைக் கேட்டு அவரே திடுக்கிட்டார். திருத்திக்கொள்ள மறுபடி வாயைத் திறந்தார். “தேநீர் குடிக்கிறீங்களா?” என்று வந்தது.

ரொட்டி அடுப்புக்கார மஃபத்தல் அவ்வளவுகூட முயலவில்லை. கேள்வி முடிவதற்குள் ரொட்டி கருகுவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார். மென்னானாவின் கதவைப் பூசெல்ஹாம் இரண்டு முறை தட்டினார். உள்ளே காலடி கேட்டது. கதவு ஒரு விரல் அகலம் திறந்து, அப்படியே நின்றது. வெளியே யாரும் வரவில்லை.

அவர் லீஸ்பெத்தின் வாசலுக்கு வந்து, அனுமதி கேட்டுவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவருக்கு அவள்மேல் பகை ஒன்றுமில்லை என்பது தெரிந்தது. அதுவே அவளுக்கு இன்னும் கலக்கமாக இருந்தது. பகை என்றால் எதிர்த்து வாதிடலாம்.

“மேடம், உங்கள நான் மீன் சந்தையில பாக்குறேன். தபால் ஆபீசுல பாக்குறேன். நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதா?” அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். “ஆனா என் கண்ணு பாத்தத எழுத இதுல எடமில்ல. அண்டை வீட்டார் வாக்குன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ஒரு பேர் வேணும்.”

அவர் கோப்பின் அடியிலிருந்து வேறொரு தாளை எடுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு வழி இருக்கு. எதிர்வீட்டு மாடியில ஒரு அறை தெரியுது பாருங்க. நாலு வருசத்துக்கு முந்தி எடுத்த படத்துல அது இல்ல. எப்ப வந்துச்சுன்னு என்கிட்ட மேலதிகாரி கேக்குறாரு. இந்தச் சந்துல ஒருத்தருக்கும் தெரியலையாம். நீங்க ஆறு வருசமா இங்க இருக்கேன்னு சொல்றீங்க. இருந்திருந்தா பாத்திருப்பீங்க. எந்த மாசம்னு சொல்லுங்க, போதும். இன்ன மாசத்துல இன்னது நடந்ததப் பாத்த பெண்மணி இங்க குடியிருக்காங்கன்னு நானே எழுதிடுவேன். ரெண்டு கோப்பும் ஒரே நாள்ல முடிஞ்சிரும்.”

அவளுக்கு மாதம் தெரியும். நாளும் தெரியும். எந்த மாலையில் கதவு வைத்தார்கள், எந்த மாலையில் கூரையடியில் ஓர் ஆள் வழுக்கி விழப் பார்த்தார் என்பதெல்லாம் தெரியும். ஒரே ஒரு சொல், மாதத்தின் பெயர். அதைச் சொன்னால் நாளை மதியம் கோப்பு மூடப்படாது. விருந்தினர் படுக்கைக்குப் போக வேண்டியதில்லை. சொல்லாவிட்டால், அவள் இங்கே வாழவில்லை என்பதற்கு அவளே சாட்சி. எதிர்வீட்டுக் கதவின் விரலகல இருட்டை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். கைகளைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டாள். சொல்லிவிடு என்றது ஒரு மனம். அது ஒரு அறைதானே, இடிக்கவா போகிறார்கள் என்றது. இடிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

கண்ணைத் தாழ்த்தாமல் அவரைப் பார்த்தாள்.

“அல்லாவுக்குத்தான் தெரியும்,” என்றாள். ஒரு விகுதிகூடப் பிசகவில்லை. “தேநீர் குடிக்கிறீங்களா?”

பூசெல்ஹாமின் உதட்டோரத்தில் சிரிப்பு போன்ற ஒன்று வந்து, களைப்பில் கலைந்துபோனது.

“இங்க குடியிருக்கறவங்களுக்கு அது தெரியாம இருக்காது மேடம்,” என்றார். “அப்ப நீங்க இங்க இல்லன்னுதான் நான் எழுதணும்.”

அவள் தலையசைத்தாள். அவர் பேனாவைத் தாளில் வைத்தார். அண்டை வீட்டார் வாக்கு என்ற கட்டத்தில், இல்லை என்று எழுத முதல் கோடு இழுத்தார்.

“பூசெல்ஹாம், நிறுத்து.”

மென்னானா சந்தின் நடுவில் நின்றாள். தலைத்துணி அவிழ்ந்து தோளில் கிடந்தது. இடுப்பில் ஒரு கை, சுவரில் ஒரு கை. அவள் பேசியது வீட்டுக்குள் பேசும் குரலில் அல்ல. துறைமுகத்தில் படகு வரும்போது பெண்கள் விலை கேட்கும் குரல் அது.

“மென்னானா, வேண்டாம்,” என்றார் அயாஷி கடையிலிருந்து.

“நீ சும்மா இரு. உன் வாய்க்கு ஒரே ஒரு பாட்டுத்தான் தெரியும்.” அவள் முக்கத்தத்தின் பக்கம் திரும்பினாள். “எழுது. இவ இங்கதான் இருக்கா. இந்த வீட்டுல. ஆறு வருசமும் ரெண்டு மாசமும்.”

மஃபத்தல் அடுப்படி வாசலில் வந்து நின்றார். மேலே ஒரு சன்னல் திறந்தது. பூசெல்ஹாமின் பேனா காற்றில் நின்றது.

“அக்கா, யோசிச்சுதான் பேசுறீங்களா?”

“காலைல ஏழு மணிக்கு எந்திரிப்பா. எந்திரிச்சதும் மூக்கச் சிந்துவா, சந்தே முழிச்சிக்கும். ஞாயித்துக்கெழம அவ அக்காகிட்ட போன்ல பேசுவா, வெச்சதும் அழுவா. நமக்குக் கேக்கக் கூடாதுன்னு பாட்டுப் போடுவா. அந்தப் பாட்டு அழுகையவிட மோசம். குப்பையச் செவ்வாக்கெழம வெளிய வெப்பா, வண்டி வர்றது புதன்கெழம. ஆறு வருசமா அந்தப் பைய எடுத்து உள்ள வெச்சு மறுநாள் வெளிய வெக்கிறவ நான்.”

லீஸ்பெத்தின் முகம் காதுவரை சிவந்தது. அழுகை யாருக்கும் கேட்டதில்லை என்றே அவள் இத்தனை ஆண்டும் நம்பியிருந்தாள். குப்பைப் பையைப் பற்றி அவளுக்கு எதுவுமே தெரியாது. வாசற்படியைப் பற்றிக்கொண்டு நின்றாள். மென்னானா அவள் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

“போன வருசம் காய்ச்சல்ல கெடந்தா. கதவத் தொறக்க மாட்டேன்னா, எனக்கு ஒட்டிக்குமாம். என் மாடிச் சுவரும் அவ மாடிச் சுவரும், சந்துக்குக் குறுக்க இருக்கற வளைவுக்கு மேல ஒண்ணாத்தான் சேருது. அதுல நான் தட்டுவேன். அவ திருப்பித் தட்டுவா. மூணு நாள் அப்படித்தான் இவ உசிரோட இருக்காளான்னு பாத்துக்கிட்டேன். குடியிருக்கறதுன்னா வேற என்னன்னு உங்க தாள்ல போட்டிருக்கு?”

அடுப்படியிலிருந்து ரொட்டி உண்மையாகவே கருகும் வாசனை வந்தது, மஃபத்தல் அசையவில்லை. பூசெல்ஹாம் தான் இழுத்த கோட்டைப் பார்த்தார். அதை அடித்துவிட்டு, பக்கத்திலேயே மெதுவாக எழுதினார். எழுதியபடியே, நிமிராமல் சொன்னார்.

“அவ்வளவும் எழுத எடமில்லக்கா. பேரும் அட்டை நம்பரும் போதும். ஆனா ஒண்ணு. இனி இந்தச் சந்துல எனக்கு ஏதாச்சும் தெரியணும்னா, நான் உங்க கதவத்தான் தட்டுவேன். அது என் வேல.”

“தெரியும்,” என்றாள் மென்னானா.

மேலே திறந்திருந்த சன்னல் சாத்தப்பட்டது. அதற்கடுத்த வீட்டிலும் ஒன்று சாத்தப்பட்டது. அயாஷி ஒலிவக் காய்களின் பக்கம் குனிந்துகொண்டார். இனி மென்னானா கடைக்குப் போகும்போது பேச்சு நிற்கும். அடுப்படியில் அவளுக்கு முன் ஓர் அடி இடம் விட்டு நிற்பார்கள். இதெல்லாம் லீஸ்பெத்துக்கு அந்தச் சன்னல்களின் ஓசையிலேயே தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள்.

அதற்குள் மென்னானா சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டாள். வலிக்கும் இடுப்பை எவ்வளவு நிமிர்த்த முடியுமோ அவ்வளவு நிமிர்த்தி, தகப்பன் பெயரோடு தன் முழுப்பெயரையும் சொன்னாள். பிறகு, சாத்திய சன்னல்களுக்கும் கேட்கும்படி குரலை இன்னும் ஒரு படி உயர்த்தி, அடையாள அட்டையின் எண்ணை முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.